நோன்பு நாளில் மட்டை தொடாதவர்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஜூ டவுனுக்கு அழைத்துப் போகாத கொச்சித் தமிழ்க் குடும்பம் இருக்காது. மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தால் அந்தக் குறுகிய தெரு. பழம்பொருள் கடைகளையும், சுக்கு, மிளகு, ஏலக்காய் மணத்தையும் தாண்டிப் போனால் கோடியில் பரதேசி சினகாக் என்னும் யூதர் கோயில். 1568-இல் கட்டியது. பக்கத்து மணிக்கூண்டு 1760-இல் எழுந்தது. உள்ளே தரை முழுவதும் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் தீட்டிய சித்திரங்கள் என்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பார்கள். குழந்தைகள் குனிந்து குனிந்து ஜோடி ஓடு தேடுவார்கள். பெரியவர்கள் அண்ணாந்து கண்ணாடி விளக்குகளைப் பார்ப்பார்கள். அரை மணியில் வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டுப் படகுத்துறைக்கு நடப்போம்.

'பரதேசி' என்ற பெயரைக் கேட்டு நம்மவர்கள் சிரிப்பதுண்டு. தமிழில் அந்தச் சொல் பிச்சை எடுப்பவரைக் குறிப்பதாகத் தேய்ந்துவிட்டது. இங்கே அதன் பொருள் வேற்று தேசத்திலிருந்து வந்தவர் என்பது மட்டுமே. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து விரட்டப்பட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலுக்கும் யூதர் கோயிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ராஜாவின் படையில் யூதச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்றும், சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் ஆகையால் அன்று ராஜா சண்டைக்கே போகமாட்டார் என்றும் இங்கே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பிழைக்க வந்தவர்களின் ஆசாரத்துக்காக ஓர் அரசர் யுத்தத்தையே தள்ளி வைத்தார் என்றால், அதைவிடப் பெரிய லீவு சாங்ஷன் உலகத்தில் உண்டா?

எல்லோருக்கும் அப்படி ஒரு ராஜா வாய்ப்பதில்லை. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் பொங்கலன்று திருவனந்தபுரம், பாலக்காடு, இடுக்கி போன்ற சில மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். எர்ணாகுளம் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் பால் பொங்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கும். ரயில்வேயில் கேட்கவே வேண்டாம். பண்டிகை நாளில்தான் வண்டிகளும் அதிகம், வேலையும் அதிகம். லீவு எழுதிக் கொடுப்பதா, பேசாமல் வேலைக்குப் போய்விடுவதா என்ற கேள்வி வெளியூரில் பிழைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருகிறது. 1934-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 23 வயது யூத இளைஞர் ஒருவருக்கும் இதே கேள்வி வந்தது. வித்தியாசம் என்னவென்றால், அவர் பேஸ்பால் ஆட்டக்காரர்; அவர் லீவு போடுவாரா மாட்டாரா என்று ஊரே காத்திருந்தது. அவர் பெயர் ஹேங்க் கிரீன்பெர்க். அமெரிக்கா கண்ட மிகப் பெரிய மட்டையாளர்களில் ஒருவர். நம் நாட்டிலும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனவர் என்பது பலருக்குத் தெரியாது.

கிரீன்பெர்க் 1911 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தாயும் தந்தையும் ருமேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், ஆசாரமான குடும்பம். தந்தைக்குத் துணிப் பட்டறை. மில்லிலிருந்து வரும் துணியை நனைத்து, முன்கூட்டியே சுருங்கவைத்து, தையல் தொழிலுக்கு அனுப்பும் வேலை. (ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணியோடு மல்லுக்கட்டும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தொழிலின் பாடு சொல்லாமலே புரியும்.) பிள்ளைகளாவது படித்து டாக்டர், வக்கீல் என்று தலையெடுக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஹேங்க்கோ பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துப் பூங்காவில் மட்டையும் கையுமாக நிற்பார். தெருவில் உள்ள மற்ற அம்மாக்கள் அவருடைய தாயைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்களாம். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் உருப்படுகின்றன, அந்தப் புண்ணியவதி வீட்டில் ஒன்று மட்டும் பந்தோடு திரிகிறதே என்று! நம் குடியிருப்புகளில் கேட்காத பேச்சா இது?

உடல்வாகும் ஒத்துழைக்கவில்லை. ஏறக்குறைய ஆறடி நாலங்குல உயரம், தட்டைப் பாதம், ஓடினால் கால் பின்னும். இயற்கையாக வந்த ஆட்டம் தம்முடையது அல்ல என்று அவரே பிற்காலத்தில் சொல்லி வந்தார். அந்தக் குறையை உழைப்பால் ஈடுகட்டினார். ஆட்டம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவார். வேர்க்கடலை விற்கும் பையன்களுக்கும் புல் வெட்டும் ஆட்களுக்கும் காசு கொடுத்துப் பந்து பொறுக்கச் சொல்லி, கை கன்றிப் போகும் வரை அடித்துக்கொண்டே இருப்பார். தொழிற்சாலையில் ஒரு கருவியைப் பழக்குவதைப் போலத் தம் கைகளையே பழக்கினார் என்று நான் நினைப்பதுண்டு.

1929-இல் புகழ்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் சங்கமே அவரை அழைத்தது. சொந்த ஊர்ச் சங்கம், பெரிய பெயர். கிரீன்பெர்க் மறுத்துவிட்டார். காரணம், அவர் ஆடும் முதல் தளத்தில் அங்கே லூ கெரிக் என்னும் மாவீரர் நின்றுகொண்டிருந்தார். அவர் நகரும் வரை பெஞ்சியில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்று 18 வயதுப் பையன் கணக்குப் போட்டான். டெட்ராய்ட் டைகர்ஸ் சங்கம் 9000 டாலர் தருவதாகச் சொன்னது. அந்தத் தொகையைக் கேட்ட தந்தை, விளையாட்டு என்றல்லவா நினைத்தேன், இது நல்ல வியாபாரமாக இருக்கிறதே என்று வியந்து சம்மதித்தாராம். கல்லூரிக் கனவு அத்தோடு முடிந்தது. கீழ்நிலைச் சங்கங்களில் மூன்று வருடம் ஊர் ஊராக ஆடிப் பழகி, 1933-இல் டெட்ராய்ட்டின் நிரந்தர ஆட்டக்காரர் ஆனார்.

பேஸ்பால் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அது கடினம் அல்ல. பந்து தரையில் குத்தி வராது. 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து மட்டையாளரை நோக்கி நேராக எறிவார்கள். மட்டை உருண்டை, நம் வீட்டு உலக்கையைக் குட்டையாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் அடிப்பதா, விடுவதா என்று தீர்மானித்து மட்டையையும் சுழற்றியாக வேண்டும். கிரிக்கெட்டைப் போலப் பின்பக்கம் தட்டிவிட்டு ஓட முடியாது; முன்னால் உள்ள கால் வட்டத்துக்குள்தான் அடிக்க வேண்டும். மைதானத்தில் நாலு தளங்கள். எல்லைச் சுவரைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். அடித்தவரும், அவருக்கு முன்னே தளங்களில் காத்து நிற்பவர்களும் சுற்றி வந்து ஓட்டம் சேர்த்துக்கொள்ளலாம். பத்துத் தடவை நின்று மூன்று தடவை நன்றாக அடித்தாலே அவர் நட்சத்திரம்! ஏழு தடவை தோற்றுவிட்டுத் தலை நிமிர்ந்து நடக்கும் தொழில் வேறு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஆண்டுக்கு 154 ஆட்டங்கள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் முடிய அநேகமாகத் தினமும் ஆட்டம். யூதர்களின் இரண்டு பெரிய நாட்களும் பெரும்பாலும் செப்டம்பரில், பந்தயம் கொதிநிலையில் இருக்கும்போது வந்து விழும். ஒன்று ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு. மற்றது அதிலிருந்து பத்தாம் நாள் வரும் யோம் கிப்பூர். ஒரு மாலையிலிருந்து மறுநாள் இருட்டும் வரை தண்ணீர்கூடத் தொடாமல் கோயிலில் இருந்து பாவமன்னிப்பு வேண்டும் நோன்பு நாள். நம் வைகுண்ட ஏகாதசி உபவாசத்தைக் கொஞ்சம் கடுமையாக்கிக் கொண்டால் சரியாக இருக்கும்.

1934-இல் டெட்ராய்ட் எப்படி இருந்தது? கார்த் தொழிலின் தலைநகரம். பொருளாதார மந்தத்தில் ஆலைகள் படுத்து, ஆட்கள் தெருவில் நின்ற காலம். யூதர்கள்தான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று 1920-களில் பத்திரிகை நடத்திப் பிரசாரம் செய்தவர் அந்த வட்டாரத்தின் பெரிய முதலாளி ஹென்றி ஃபோர்டு. அதே வட்டாரத்திலிருந்து வாராவாரம் ரேடியோவில் பேசிய காஃப்லின் என்ற பாதிரியார் பின்னர் இதே பாட்டைப் பாடினார். இத்தகைய ஊரில் 1909-க்குப் பிறகு லீக் பட்டமே காணாத சங்கத்தை வெற்றியின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் ஒருவர் இந்த யூத இளைஞர். அந்த ஆண்டு அவர் 139 ஓட்டங்களைக் கொண்டு வந்து சேர்த்தார்.

செப்டம்பர் 10, புத்தாண்டு. ஆடலாமா கூடாதா? யூத குருமார்களைக் கேட்டார்கள், பத்திரிகைகளிலும் விவாதம். புத்தாண்டு மகிழ்ச்சியான நாள், பழைய நூல்களில் ஜெருசலேம் தெருவில் பிள்ளைகள் விளையாடியதாக வருகிறது, ஆகையால் ஆடலாம் என்று ஒரு குரு அனுமதி கண்டுபிடித்துக் கொடுத்தார் என்பது அக்காலத்துக் கதை. (சாஸ்திரத்தில் வழி இல்லாத சங்கடம் உண்டா? நம் புரோகிதர்களைக் கேட்டால் தெரியும்.) மனம் அரைகுறையாகவே மைதானத்துக்குப் போன கிரீன்பெர்க், பாஸ்டன் சங்கத்துக்கு எதிராக அன்று இரண்டு ஹோம் ரன் அடித்தார். டெட்ராய்ட் 2-1 என்று ஜெயித்தது. இரண்டு ஓட்டமும் அவர் கணக்கு. இரண்டாவது கடைசி இன்னிங்ஸில் வந்தது. ஊர்ப் பத்திரிகை ஹீப்ரு எழுத்திலேயே புத்தாண்டு வாழ்த்து அச்சிட்டது. யூதர்களை ஏசிய ஊரில் ஹீப்ரு தலைப்பு!

செப்டம்பர் 19, யோம் கிப்பூர். இதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை, வீட்டிலும் கண்டிப்பு. மட்டையைத் தொடவில்லை. கோட்டு சூட்டு அணிந்து ஷாரே செடெக் என்னும் கோயிலுக்குப் போனார். அவர் நுழைந்ததும் பிரார்த்தனையில் இருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். 23 வயதுப் பையன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூச்சத்தில் நின்றார். மைதானத்தில் அவர் இல்லாத டெட்ராய்ட், நியூயார்க்கிடம் 5-2 என்று தோற்றது. ஆனாலும் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஐரிஷ் பெயர்களைக் கொண்டு, அவர் இல்லாத குறை ஆட்டத்தில் தெரிந்தாலும் தன் மதத்துக்கு உண்மையாக இருக்கிறாரே என்று மெச்சும் கவிதை ஒன்றுகூடப் பத்திரிகையில் வந்தது. லீக் பட்டம் எப்படியும் டெட்ராய்ட்டுக்கே கிடைத்தது.

ஒரு நாளில் ஆடினார், மற்ற நாளில் ஆடவில்லை; இது என்ன கொள்கை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை. தகப்பனார் திவசத்துக்கு லீவு கேட்காத தமிழன் இல்லை. ஆடிப் பெருக்குக்கு யாரும் கேட்பதில்லை. எதை விட்டுக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்ற கணக்கு வெளியூரில் வாழ்பவன் ஒவ்வொருவன் மனத்திலும் எழுதாமலே இருக்கிறது. அவர் தம் கணக்கை ஊரறியச் செய்தார், அவ்வளவுதான்.

கைதட்டல் ஒருபுறம் இருக்க, ஏச்சும் குறையவில்லை. ஆரம்ப காலத்தில் தெற்கு மாகாணத்திலிருந்து வந்த ஒரு சக ஆட்டக்காரர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். அதுவரை யூதரைப் பார்த்ததே இல்லையாம்! எதிரணி பெஞ்சியிலிருந்து தினமும் சாதிப் பெயர் சொல்லி வசவு வரும். 1935 உலகத் தொடரில் சிகாகோ ஆட்டக்காரர்களின் வசவு எல்லை மீறவே, ஜார்ஜ் மோரியார்ட்டி என்ற நடுவர் அவர்களுடைய பெஞ்சிக்கே போய்க் கண்டித்தார். பின்னர் அபராதம் விதிக்கப்பட்டவர்களில் அந்த நடுவரும் ஒருவர். இதற்கு என்ன சொல்ல! அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் கிரீன்பெர்க்கின் மணிக்கட்டு முறிந்தது. மீதி ஆட்டங்களை உட்கார்ந்துதான் பார்த்தார். டெட்ராய்ட் முதன்முதலாக உலகத் தொடரை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒருமனதாக அவருக்கே வந்தது. 1936-இல் பன்னிரண்டே ஆட்டத்தில் அதே மணிக்கட்டு மறுபடியும் முறிந்தது. இனி அவ்வளவுதான் என்று பேசினார்கள். 1937-இல் திரும்பி வந்து, தளங்களில் நின்றவர்களை வீடு சேர்த்த கணக்கில் லூ கெரிக்கின் லீக் சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவாக வந்து நின்றார். ஹோம் ரன்னைவிட இந்தக் கணக்கைத்தான் அவர் பெரிதாக மதித்தார். தான் அடிப்பது பெரிதல்ல, காத்து நிற்பவனை வீட்டுக்குக் கொண்டு வருவதே ஆட்டக்காரனின் வேலை என்பது அவர் எண்ணம்.

பிறகு 1938. பேப் ரூத் 1927-இல் 60 ஹோம் ரன் அடித்த சாதனை யாரும் தொட முடியாத சிகரமாக இருந்தது. ஐந்து ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது கிரீன்பெர்க் 58-இல் நின்றார். நாடு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து ஆட்டத்திலும் ஒன்றுகூடச் சுவரைத் தாண்டவில்லை. அக்டோபர் 2, கடைசி நாள், கிளீவ்லாந்தில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் எறிந்தவர் பாப் ஃபெல்லர் என்னும் 19 வயது இளைஞர். அன்று அவர் 18 பேரை ஆட்டமிழக்கச் செய்து புதிய சாதனையே படைத்துவிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. இதற்கு மேல் என்னால் நீட்டிக்க முடியாது என்று நடுவர் வருத்தத்தோடு சொல்ல, பரவாயில்லை, என்னாலும் இதற்கு மேல் முடியாது என்றாராம் கிரீன்பெர்க்.

யூதர் ஒருவர் பேப் ரூத்தின் சாதனையை முறியடிக்கக் கூடாது என்று எறிபவர்கள் வேண்டுமென்றே அடிக்க முடியாத பந்துகளாகப் போட்டார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிரீன்பெர்க் அதைச் சுத்த உளறல் என்று ஒதுக்கிவிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது. ஏசியவர்கள் இருந்தார்கள்; அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தாம் அடிக்கத் தவறியதற்கு அந்த ஏச்சைக் காரணம் காட்ட அவர் சம்மதிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதர் கோயில்கள் கொளுத்தப்பட்டன. தாம் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னும் ஹிட்லர் மேல் விழுந்த அடியாகவே தமக்குத் தோன்றியது என்று பின்னாளில் சொன்னார்.

1940-இல் சங்கத்தின் நன்மைக்காகப் பழகிய முதல் தளத்தை இன்னொருவருக்கு விட்டுக் கொடுத்து, வெளி மைதானத்துக்குப் போய் (சும்மா அல்ல, சம்பள உயர்வு பேசி வாங்கிக்கொண்டுதான்!) இரண்டாம் முறை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 1941 மே மாதம் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 55,000 டாலர் வாங்கியவர் மாதம் 21 டாலர் சிப்பாய் ஆனார். கடைசி ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்துவிட்டுப் போனார். 28 வயதுக்கு மேற்பட்டவர்களை விடுவிக்கலாம் என்று விதி மாறியதால் டிசம்பர் 5 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டே நாளில் ஜப்பான் பேர்ள் ஹார்பரைத் தாக்கியது. கிரீன்பெர்க் யாரும் அழைக்காமலே மீண்டும் பட்டாளத்தில் சேர்ந்தார். பெரிய ஆட்டக்காரர்களைப் படையிலும் உள்நாட்டிலேயே பயிற்சி கொடுக்க வைத்திருப்பது வழக்கம். 1944-இல் அவர் போர்முனைக்கு அனுப்பும்படி கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் நம் இந்தியா.

பி-29 என்ற ராட்சத குண்டுவீச்சு விமானங்கள் முதன்முதலாகப் போருக்கு வந்தது இங்கேதான். அவற்றை நடத்திய படையின் தலைமையகம் கரக்பூர். ரயில்வேக்காரர்களுக்குக் கரக்பூர் என்றால் 1072 மீட்டர் நீளப் பிளாட்பாரமும் பெரிய ஒர்க்ஷாப்பும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் அங்கே தலைமையகமாக எடுத்துக்கொண்ட கட்டடம் ஹிஜ்லி சிறை. 1931-இல் காவலில் இருந்த இரண்டு சுதந்திரப் போராளிகளைச் சுட்டுக் கொன்ற அதே இடம். 1951-இல் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியதும் அங்கேதான், இன்று நம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதி முட்டி மோதுவதும் அதற்காகத்தான். சிறை, படைத் தலைமையகம், கல்லூரி என்று ஒரே கட்டடத்துக்கு எத்தனை அவதாரம்! சக்குலியா, பியார்டோபா முதலிய இடங்களில் ஓடுபாதைகள் போட்டார்கள். 1944 ஜூன் 5 அன்று இந்த விமானங்கள் முதல்முறையாகத் தாக்கப் புறப்பட்டது பாங்காக்கின் மக்காசான் ரயில்வே ஒர்க்ஷாப்பை நோக்கி. அந்த நேரத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்கென்று மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போன நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டிருந்தார்கள். பிழைக்கப் போன இடத்தில் செத்தவர்களின் கணக்கை இன்றுவரை யாரும் சரியாக எழுதவில்லை.

ஆறு மாத இந்திய வாசத்துக்குப் பின் கிரீன்பெர்க் இமயத்துக்கு மேலே பறந்து சீனாவுக்குப் போனார். அங்கே ஒரு நாள் குண்டுகளோடு கிளம்பிய விமானம் ஓடுபாதை முடிவில் விழுந்து தீப்பற்றியது. அவரும் படையின் பாதிரியார் ஒருவரும் ஆட்களைக் காப்பாற்ற ஓடினார்கள். நெருங்கும்போது குண்டு வெடித்து, இருவரும் நெல் வயல் ஓரத்துக் கால்வாயில் தூக்கி எறியப்பட்டார்கள். இரண்டு நாள் அவருக்குக் காதும் கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை. விமானத்தில் இருந்த எல்லோரும் எப்படியோ தப்பிவிட்டார்கள். ஆட்டக்காரனாகத் திரும்பிப் போவோம் என்ற நினைப்பையே அப்போது விட்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் 1945 ஜூலை 1 அன்று, நாலு வருடத்துக்கு மேல் மட்டை பிடிக்காத 34 வயதுக்காரர் டெட்ராய்ட் மைதானத்தில் இறங்கினார். நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். அன்றே ஒரு ஹோம் ரன்! செப்டம்பர் 30 அன்று, லீக்கின் கடைசி நாளில், கடைசி இன்னிங்ஸில், மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க, மழைத் தூறலில் அவர் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போய்ப் பட்டத்தைக் கொண்டுவந்தது. உலகத் தொடரும் டெட்ராய்ட்டுக்கே. ராணுவத்துக்குப் போகும் முன் நாலு ஆண்டுகளில் அவர் அடித்தவை 40, 58, 33, 41, சராசரி 43. போரில் கழிந்த நாலு ஆண்டுகளை இதோடு பெருக்கிப் பார்த்தால், 331 என்று நின்றுபோன அவருடைய மொத்தக் கணக்கு 500-ஐத் தாண்டியிருக்கும். எஞ்சினியர் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. கிரீன்பெர்க் அந்தக் கணக்கைச் சொல்லி அங்கலாய்த்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

1946-இலும் லீக்கில் அதிக ஹோம் ரன் அவருடையதுதான், 44. இருந்தும் சங்கம் அவரை 1947 தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்குக்கு விற்றுவிட்டது. செய்தியை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டார்! அங்கே அவர் ஆடிய ஒரே ஆண்டுதான் ஜாக்கி ராபின்சன் வந்த ஆண்டு. பெரிய லீக்குகளில் அந்த நூற்றாண்டில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ராபின்சன். மே மாதம் பிட்ஸ்பர்க்கில் முதல் தளத்தில் இருவரும் மோதிக்கொண்டார்கள். பெஞ்சியிலிருந்து வழக்கமான வசவு பறந்தது. அடுத்த முறை ராபின்சன் தளத்துக்கு வந்தபோது கிரீன்பெர்க், அடிபட்டதா என்று விசாரித்து, அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே, நீ நன்றாகத்தான் ஆடுகிறாய் என்று சொன்னார். ராபின்சன் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் மனம் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். தாம் பட்டது ராபின்சன் பட்டதில் ஒரு பங்குகூட இல்லை என்பதுதான் கிரீன்பெர்க்கின் அபிப்பிராயம்.

பட்டவன் அடுத்தவனுக்கு இரங்குவான் என்று பொதுவாக நினைக்கிறோம். அப்படி நடந்தே தீரும் என்பதற்கு ஒரு நியதியும் இல்லை. நம் ஜூ டவுனையே பாருங்கள். ஸ்பெயினில் விரட்டுப்பட்டு வந்தவர்கள், ராஜாவின் நிழலில் வாழ்ந்தவர்கள், தங்களிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியைத் தங்கள் கோயிலில் சமமாக உட்கார விடவில்லை. கடவுள் ஒன்று, வேதம் ஒன்று, பெஞ்சி மட்டும் வேறு! அதே தெருவில் பிறந்த ஏ.பி. சேலம் என்ற வக்கீல் (1882-1967, நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) அந்தக் கோயிலுக்குள்ளேயே காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்து, ஆண்டுக்கணக்கில் போராடி, மெல்ல மெல்ல அந்த வழக்கத்தை மாற்றினார். 'யூத காந்தி' என்றே அவரைச் சொல்வார்கள். பெஞ்சி விவகாரம் தீர்ந்து கொஞ்ச காலத்துக்குள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். உட்கார ஆளில்லாமல் பெஞ்சிகள் மட்டும் இருக்கின்றன. ஆகவே கிரீன்பெர்க் ராபின்சனிடம் சொன்ன அந்த நாலு வார்த்தையைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

1947-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. கிளீவ்லாந்து சங்கத்தின் நிர்வாகியாகி, 1954-இல் அந்தச் சங்கம் 111 ஆட்டங்களை வென்று லீக் பட்டம் பெறுவதைப் பார்த்தார். 1956-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அந்தக் கௌரவம் பெற்ற முதல் யூதர் அவர். 1970-இல், சங்கங்கள் ஆட்டக்காரர்களைப் பண்டம் போல வாங்கி விற்பதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் வழக்குப் போட்டபோது, சாட்சிக் கூண்டில் ஏறத் துணிந்த பழைய ஆட்டக்காரர்களில் இருவர் ராபின்சனும் கிரீன்பெர்க்கும். முதலாளியாகவும் இருந்து பார்த்தவர் தொழிலாளிக்காகப் பேசினார். 1986 செப்டம்பர் 4 அன்று காலமானார்.

யோம் கிப்பூரில் ஆடாத அந்த நாள் அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் அதே நோன்பு நாளில் வந்தபோது சாண்டி கூஃபாக்ஸ் என்ற புகழ்பெற்ற எறிபவர் பந்தைத் தொடவில்லை. கிரீன்பெர்க்கின் சொந்த வீட்டில் கதை வேறு மாதிரி போயிற்று. வயதான பிறகு அவர் கோயில், சடங்கு எதையும் கடைப்பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் மதக் கல்வி கொடுக்கவில்லை. அவருடைய மகன் ஸ்டீபன் சொன்ன ஒரு செய்தி உண்டு. ஒரு யோம் கிப்பூரன்று தந்தை, இன்று பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு லீவு போட்டுவிட்டு, அவர்களை நியூயார்க் கோளரங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். யோம் கிப்பூர் என்றால் கோளரங்கத்தில் நட்சத்திரம் பார்க்கும் நாள் என்றே அந்தப் பிள்ளைகள் பல காலம் நினைத்திருந்தார்களாம்.